மெட்டு யார் கொடுத்தது?

2018 ஜனவரி 6, மாலை. மார்கழி இன்னும் முடியவில்லை. சென்னைச் சபாக்களில் கச்சேரி சீசன் தன் கடைசி நாள்களில் இருந்தது. கீழ்ப்பாக்கத்தில் திறந்த மைதானம் ஒன்றில் வேறொரு கச்சேரி தொடங்கியது. மேடையில் பத்தொன்பது பேர், கோட்டும் சூட்டுமாக. டிரம்ஸும் மின் கிட்டாரும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் இன்னொரு பக்கம். வடசென்னைச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிப் பழகிய கானா பாடகர்கள் மைக் முன்னால் நின்றார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவுக்கு ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்று பெயர். அயோத்திதாசப் பண்டிதர் எழுத்தில் புழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்ற அடைமொழியிலிருந்து எடுத்த பெயர் அது.

அந்தப் பத்தொன்பது பேரில் இசைவாணி ஒருவர்தான் பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பிடித்தார். இன்னொருவர், இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர். அவர் கானாக்காரரும் இல்லை, ராக் இசைக்காரரும் இல்லை. பேசுவதுபோல் ஆரம்பித்து, மூச்சு விடாமல் வேகமெடுத்து, கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு நிறுத்துவார். அறிவரசு கலைநேசன் என்பது முழுப்பெயர். அறிவு என்று சொன்னால்தான் தெரியும்.

மூன்றே ஆண்டுகளில் அவர் எழுதிப் பாடிய ஒரு பாட்டு உலகம் முழுக்கத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் ஒலித்தது. அதற்கடுத்த ஆண்டு, அந்தப் பாட்டு தன்னுடையது என்று அவரே அறிக்கை எழுத வேண்டியிருந்தது. வட்டார மேடையிலிருந்து உச்சிக்குப் போன இளைஞரின் கதை என்று இதைச் சொல்லிவிட்டால் பாதி போய்விடும். தமிழ்நாட்டில் ஒரு பாட்டை ‘உண்டாக்கியவர்’ என்று யாரைச் சொல்கிறோம் என்பதுதான் மீதிப் பாதி.

அறிவொளியின் பிள்ளை

அரக்கோணம் ரயிலால் உண்டான ஊர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோதே அந்த வழியாகத்தான் போனது. இன்றும் காலை யூனிட் வண்டிகளில் ஊரே சென்னைக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறது. சென்னைக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் சென்னையாகாத ஊர். பேச்சில் வடார்க்காடு வாடை போகவே போகாது. அறிவின் உச்சரிப்பில் அது இன்றும் இருக்கிறது. ராப் பாடுகிறவர்கள் பலர் நாக்கைச் சுழற்றி அமெரிக்காவுக்குப் போய்வந்த மாதிரி ஒரு தமிழை உண்டாக்கிக்கொண்ட காலத்தில், இவர் ஊர்த்தமிழையே வேகமாகப் பேசினார்.

அவருடைய பெற்றோர் அறிவொளி இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். மகனின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த விவரத்தைப் பலரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 1990களின் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக நடந்த அந்த எழுத்தறிவு இயக்கத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். தெருவிளக்குக்குக் கீழே வகுப்பு. கொத்து வேலை முடித்து வந்த பெண் சிலேட்டைப் பிடிப்பாள். புதுக்கோட்டையில் எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஊருக்குள் நுழைந்தது பாட்டும் வீதி நாடகமும்தான். டேப் அடித்துக் கூட்டம் சேர்ப்பார்கள். பாடிக்கொண்டே இருந்தவர் சட்டென்று பாட்டை நிறுத்தி எதிரே இருப்பவரிடம் ஏதாவது கேட்பார். பதில் வந்ததும் அதையே பல்லவியாக்கி மறுபடி பாடுவார். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் சுவர் கிடையாது. அறிவின் மேடையைப் பார்க்கிறவர்கள் ஹிப்ஹாப் பிறந்த நியூயார்க்கின் பிராங்ஸைத் தேடிப் போகிறார்கள். நான் அறிவொளிக் கலைக்குழுவைத்தான் பார்க்கிறேன்.

பொறியியல் படித்த கையோடு அவர் சென்னைக்கு வந்ததும் கவிதை எழுதியதும் இந்தத் தலைமுறைப் பையன்கள் பலருக்கும் பொதுவான கதை. நீட்டத் தேவையில்லை. நீட்ட வேண்டியது பாட்டியின் கதையை.

வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் திரட்டிக் கொண்டுபோன தமிழ்க் குடும்பங்கள் காட்டை வெட்டித் தேயிலை நட்டு, லயத்து அறைகளில் தலைமுறைகளைக் கழித்தன. நாடு விடுதலை பெற்ற கையோடு, 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்து இந்திரா காந்தி காலத்தில் இரண்டாகப் பிரித்தார்கள். ‘நீ எங்கே போகிறாய்’ என்று அந்த மக்களைக் கூட்டி வைத்து யாரும் கேட்டுவிடவில்லை. திரும்பி வந்தவர்களில் கணிசமானோர் நீலகிரியில் மறுபடி தேயிலைச் செடிக்கே போனார்கள். வேறு பலர் சொந்தபந்தம் இருந்த ஊர்களில் நிலமில்லாமல் கூலிக்கு நின்றார்கள். வள்ளியம்மாள் திரும்பி வந்த வீட்டில்தான் அறிவு வளர்ந்தார். உழைத்த மண் ஒன்று, உரிமை இருக்கும் மண் எங்கேயும் இல்லை என்ற அந்தப் பாட்டியின் வாழ்க்கையே பிற்பாடு பேரனின் பாட்டுக்குப் பொருளானது.

சாவு வீட்டுப் பள்ளிக்கூடம்

தமிழில் ராப் புதிதல்ல. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது குரல்களோடு தேனி குஞ்சரம்மாளின் குரலும் உண்டு. தமிழ் சினிமாவின் முதல் பெரிய ராப் பாட்டில் கிராமத்துப் பாட்டி ஒருத்தியின் தொண்டை ஒலித்திருக்கிறது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தக் குரல் எதற்கு அங்கே இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கலாம்.

பிறகு மலேசியா வழியாக யோகி பி வந்தார். ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’வின் ‘வல்லவன்’ 2006இல் வெளியானது. கோயம்புத்தூர் இளைஞர் ஆதி, ஜீவாவோடு சேர்ந்து ‘ஹிப்ஹாப் தமிழா’ ஆனார். யூடியூபில் பிடித்த பெயரைக் கொண்டு சினிமாவுக்குள் நுழைந்தார். இந்த இருவரும் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். யோகி பி வழி, விருந்தாளி வழி. இசையமைப்பாளரின் பாட்டுக்கு நடுவில் வந்து, சில அடி பாடி, மிரட்டிவிட்டுப் போவது. ‘விவேகம்’ படத்தின் ‘சர்வைவா’ வரை அப்படித்தான். ஆதி வழி வேறு. 2015இல் ‘ஆம்பள’ தொடங்கி அவரே இசையமைப்பாளர். 2017இல் ‘மீசைய முறுக்கு’ எடுத்து அவரே இயக்குநர், அவரே நாயகன். எல்லா நாற்காலியிலும் தானே உட்கார்ந்துவிட்டால் பங்கு பிரிக்கிற சிக்கலே இல்லையே!

அறிவு இந்த இரண்டில் எதையும் பிடிக்கவில்லை. அவர் எழுதுகிறவர். எழுதியதைத் தன் குரலில் சொல்கிறவர். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் கானா பாடகர்களோடு கழித்த காலம் அவருக்கு இன்னொன்றையும் கொடுத்தது. கானாவின் தாய்வீடு சாவு வீடு. பிணத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் பாடுகிற மரண கானாவில், செத்தவரின் பெயர், ஊர், தொழில், குடித்தது, கும்மாளம் போட்டது எல்லாம் அந்த நிமிடத்தில் கட்டிப் பாடப்படும். கிராமத்து ஒப்பாரியும் அப்படியே. ஒப்பாரி பாடுகிற அம்மாவுக்கு யாரும் மெட்டுப் போட்டுக் கொடுப்பதில்லை. சொல் வருகிறபோதே ராகமும் இழுத்துக்கொண்டு வருகிறது. எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எந்த இடத்தில் பேச்சாக உடைப்பது என்பதெல்லாம் பாடுகிறவளின் தீர்மானம். ராப்பும் இந்த இனம்தான். ‘ஃப்ளோ’ என்று ராப் பாடகர்கள் சொல்வதை ஒப்பாரிப் பாட்டிகள் பெயர் வைக்காமலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

2019இல் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து அறிவு வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பில் இந்த நடை முதன்முறையாகத் தனியாகத் தெரிந்தது. ‘ஆன்டி இந்தியன்’ பாட்டில் கோபம் இருக்கிறது, கிண்டலும் இருக்கிறது. கிண்டல்தான் அதிக நேரம் நிற்கிறது. அந்த ஆண்டுக் கடைசியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் போராட்டங்கள் கிளம்பியபோது ‘சண்ட செய்வோம்’ வந்தது. போராட்டக்காரர்களின் போன்களில் அது சுற்றியது. நாடற்றவளாக்கப்பட்டு வந்த பாட்டியின் பேரன் குடியுரிமையைப் பற்றிப் பாடியதில் வியப்பு ஒன்றுமில்லை. அந்தத் தொடர்பை அப்போது கவனித்தவர்கள் குறைவு.

இதற்குள் சினிமாவும் கூப்பிட்டிருந்தது. இரஞ்சித்தின் ‘காலா’வில் (2018) ‘உரிமையை மீட்போம்’ அறிவு எழுதியது. அதே படத்தில் ‘செம வெயிட்டு’ பாடிய டோபடெலிக்ஸ் குழுவினர் தாராவித் தமிழ்ப் பையன்கள். மும்பைச் சேரியிலும் தமிழ் ராப் தனியாக வளர்ந்துகொண்டிருந்ததற்கு அவர்களே சாட்சி. 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ வந்தது. அனிருத்தோடு சேர்ந்து அறிவு பாடி, அவரே எழுதிய ‘வாத்தி ரெய்டு’ தியேட்டரைக் கிழித்தது. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு ஜனங்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்த முதல் பெரிய படம் அது. அதில் விஜய் நடந்துவர ஒலிக்கிற குரல் என்பது எந்த ராப் பாடகருக்கும் கிடைக்காத விளம்பரம். ‘ஆன்டி இந்தியன்’ எழுதியவர் நாயகத் துதி எழுதலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. சினிமாவுக்கு வெளியே சோறு போடும் இசைச் சந்தை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? ஆனால் ‘வாத்தி ரெய்டு’ அறிவின் சிறந்த எழுத்து என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

மூவரின் பாட்டு

2021 மார்ச் 7. ‘எஞ்சாயி எஞ்சாமி’ யூடியூபில் வெளியானது. ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவோடு தொடங்கிய ‘மாஜா’ என்ற சுயாதீன இசைத் தளத்தின் முதல் வெளியீடு அது. ‘ரௌடி பேபி’யால் ஏற்கெனவே நாடறிந்த குரலான பாடகி தீயும் அறிவும் பாடினார்கள். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அமித் கிருஷ்ணன் இயக்கிய வீடியோவில் வள்ளியம்மாளே வந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் போட வைக்கிற பாட்டு என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்கும்போதுதான் அதில் நிலம் போன கதை ஓடுவதைக் கண்டுகொண்டார்கள். நடுவில் தாளம் விலகி ஒப்பாரி எழும் இடத்தில், நாலு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரு பாப் பாட்டு திடீரென்று இழவு வீட்டு முற்றமாகிறது. அப்படியொரு துணிச்சல் தமிழ்ச் சினிமாப் பாட்டில் சாத்தியப்பட்டிருக்காது. படத்தில் ‘சிச்சுவேஷன்’ கேட்பார்கள். யூடியூபில் இந்தப் பாட்டை 40 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு நடந்தவை வரிசையாக. பிரெஞ்சு இசைக்கலைஞர் டிஜே ஸ்னேக் இந்தப் பாட்டை ரீமிக்ஸ் செய்தார். அவரோடு தீயின் படமும் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரப் பலகையில் மின்னியது. அறிவு அதில் இல்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ‘எஞ்சாயி எஞ்சாமி’யையும், ‘சார்பட்டா பரம்பரை’க்காக ஷான் பாடிய ‘நீயே ஒளி’யையும் முன்னிறுத்திய அட்டை. இரண்டு பாட்டுக்கும் வரி எழுதியவர் அறிவு. மறுபடியும் அவரைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள் என்று இரஞ்சித் ட்விட்டரில் எழுதினார். அட்டையில் இருந்த இருவரின் ஆல்பங்களைப் பற்றிய கட்டுரை அது என்பது பத்திரிகை தரப்பு விளக்கம். சில நாள்களில் அறிவை வைத்து டிஜிட்டல் அட்டை ஒன்று வெளியானது. ‘விட்டுப்போனது’ என்று ஒரு முறை சொல்லலாம். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே ஆள் விட்டுப்போனால், அவர் அரக்கோணத்துத் தலித் இளைஞராகவும் இருந்தால், தற்செயல் என்று நம்பச் சொல்வது அதிகம்.

2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் உட்கார்ந்திருக்க, தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். அடுத்த சில நாள்களில் இன்ஸ்டாகிராமில் ஒரு நீண்ட பதிவு போட்டார். இந்தப் பாட்டுக்கு இசையமைத்தது, எழுதியது, பாடியது, நிகழ்த்தியது எல்லாம் தானே என்றார். யாரும் தனக்கு ஒரு மெட்டையோ சொல்லையோ கொடுக்கவில்லை என்றார். இது கூட்டு உழைப்பு என்பதையும் அதே பதிவில் ஒப்புக்கொண்டார். அதே நேரம், வள்ளியம்மாளின் வரலாறும் தேயிலைத் தோட்டத்து முன்னோர் வரலாறும் இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை என்றும் எழுதினார்.

சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார். இயக்குநர் மணிகண்டன் தூண்டிவிட்ட யோசனையிலிருந்து பாட்டு பிறந்தது என்றும், மெட்டை மூவரும் சேர்ந்தே அமைத்தோம் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சம பங்கு என்றும் விளக்கினார். தீயும் தன் தரப்பைச் சொன்னார். தான் பேசிய இடங்களில் எல்லாம் அறிவின் பெயரைச் சொல்லியே வந்திருப்பதாக எழுதினார்.

சமூக ஊடகம் வழக்கம்போல் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் பொய்யர் என்றது. எனக்கு மூவரும் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. ‘இசையமைப்பது’ என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோல்தான் வேறு வேறு.

தமிழ்ச் சினிமாவில் ஒரு பாட்டு எப்படி உருவாகிறது? இசையமைப்பாளர் ‘தன்னான’ போட்டு ஒரு மெட்டுப் பாடிக் காட்டுவார். பாடலாசிரியர் அந்த அச்சுக்குள் சொல்லை உட்காரவைப்பார். பாடகர் ஸ்டுடியோவுக்கு வந்து பாடிவிட்டுப் போவார். மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று கண்ணதாசன் காலத்திலிருந்து விவாதித்திருக்கிறோம். எம்.எஸ்.விஸ்வநாதன் ஆர்மோனியத்தோடு உட்கார, கண்ணதாசன் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிய கதைகளை ரசித்திருக்கிறோம். எது முதலில் வந்தாலும் மெட்டுக்காரர் ஒருவர், சொல்காரர் வேறொருவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பாட்டின் கீழே இசை, வரிகள், குரல் என்று மூன்று பெயர். முதல் பெயருக்குத்தான் பாட்டு சொந்தம். நாமும் ‘இளையராஜா பாட்டு’ என்கிறோம், ‘ரஹ்மான் பாட்டு’ என்கிறோம்.

சட்டமும் இந்த வேலைப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1957இன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘இசைப் படைப்பு’ என்பதன் வரையறை, கூடப் பாடப்படும் சொற்கள் அதில் அடங்காது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சொல் இலக்கியப் படைப்பு. அதன் ஆசிரியர் வேறு. ஒலிப்பதிவு மூன்றாவது உடைமை. அது காசு போட்டவருக்கு. சொல்லை நீக்கிவிட்டு மிஞ்சுவதுதான் இசை என்றால், ராப்பில் எதை நீக்கி எதை மிச்சம் வைப்பது? ஒரு ராப் அடியிலிருந்து சொல்லை எடுத்துவிட்டால் சந்தமும் போய்விடும், ஏற்ற இறக்கமும் போய்விடும். பீட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பாரிக்கும் இதே கதி. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கண்முன் இருந்தது கீர்த்தனையும் சினிமாப் பாட்டும்தான். சாவு வீட்டுத் திண்ணை அவர்கள் பார்வையில் படவில்லை.

ஓர் இசையமைப்பாளர், ‘நான் ஸ்வரக்கட்டு அமைத்தேன், வாத்தியம் சேர்த்தேன், எங்கே எழும்ப வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று தீர்மானித்தேன்’ என்று சொல்வது நியாயம்தான். ‘எஞ்சாயி எஞ்சாமி’யின் ஒலியமைப்பைக் கேட்கும் எவருக்கும் சந்தோஷ் நாராயணனின் கை தெரியும். தீயின் அந்தக் கூவல் இல்லாமல் பாட்டு இத்தனை தூரம் போயிருக்காது என்பதும் உண்மை. அதே சமயம், சொல்லோடு சேர்ந்தே சந்தம் பிறந்த இடத்தில், ‘எனக்கு யாரும் மெட்டுத் தரவில்லை’ என்று எழுதியவன் சொல்வதும் நியாயம்தான். இரண்டு நியாயங்கள் மோதும்போது பழக்கம் யார் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அட்டைப்படத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போதும் விளம்பரப் பலகைக்குப் படம் அனுப்பும்போதும், ‘பாட்டெழுதியவர் தானே’ என்று கழித்துவிடுகிற அந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். நாட்டுப்புறப் பாட்டுகளைத் திரையில் எடுத்தாண்ட எத்தனை படங்களில் பாடிக் கொடுத்த கிழவியின் பெயர் போட்டிருக்கிறார்கள்? ‘மரபு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மரபுக்கு ராயல்டி அனுப்ப முகவரி கிடையாது.

மூன்று ஆண்டு, பூஜ்யம்

இந்தக் கதையில் கசப்பான திருப்பம் 2024 மார்ச்சில் வந்தது. பாட்டு வெளியாகி மூன்று ஆண்டு நிறைந்தபோது சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் தோன்றி, இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை வருமானம் எதுவும் வந்துசேரவில்லை என்றார். ரஹ்மானும் இதில் ஏமாற்றப்பட்டவரே தவிர, குற்றம் அவருடையதல்ல என்றும் சேர்த்துச் சொன்னார். மாஜா தரப்பு தன் பங்குக்கு மறுத்து விளக்கம் கொடுத்தது. அந்தக் கணக்கு வழக்கைத் தீர்ப்பது நம் வேலையல்ல. ஒன்று மட்டும் தெரிகிறது. யாருக்குப் பெரிய பங்கு என்று 2022இல் ஊரே அடித்துக்கொண்ட பானையில், சந்தோஷ் சொல்வதுபடி பார்த்தால், சோறே இருக்கவில்லை.

சுயாதீன இசை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. தயாரிப்பாளர் தொல்லை இல்லை, நாயகனுக்கு ஏற்ற வரி வேண்டியதில்லை, சென்சார் இல்லை. ஆனால் யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் ஒவ்வொரு முறை கேட்கப்படும்போதும் சேரும் காசு மிகச் சிறியது. அது விநியோகிக்கும் நிறுவனம், லேபிள் என்று கைமாறித்தான் கலைஞரிடம் வரவேண்டும். 2012இல் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைச் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆக்கியது. ஜாவேத் அக்தர் முன்னின்று போராடி வாங்கிய திருத்தம். நல்ல திருத்தம்தான். ஆனால் அதன் பலன் கிடைக்க, ராயல்டியை வசூலித்துப் பகிர்ந்து கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் படைப்பை முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். எழுத்தாளர், இசையமைப்பாளர் என்று இரண்டு வகையிலும் அங்கே ஒருவரே உறுப்பினராகலாம். பாட்டு ஹிட்டாகும் முன்பே யார் எத்தனை சதவீதம் என்று தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ராத்திரி உட்கார்ந்து பாட்டு உண்டாக்கும்போது யார் இதையெல்லாம் நினைப்பார்கள்? நம் ஊரில் அப்படிக் கேட்பதே மரியாதைக் குறைவு.

அறிவு அதற்குப் பிறகு சும்மா உட்காரவில்லை. 2023இல் கோக் ஸ்டுடியோ தமிழில் கதீஜா ரஹ்மானோடு ‘சகவாசி’ பாடினார். ‘அம்பாசா’ என்று சொந்தக் குழு தொடங்கினார். 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பின் முதல் பாகம் வந்தது. பெயரிலேயே பாட்டி இருக்கிறார். இந்த முறை எந்த அட்டையிலிருந்தும் அவரைக் கழிக்க முடியாது. தொகுப்பு முழுக்க ஒரே உயரத்தில் இல்லை. சில இடங்களில் கோஷம் கவிதையை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. ‘தெருக்குரல்’ காலத்துக் கிண்டல் குறைந்து, தான் யார் என்று நிரூபிக்கிற முனைப்பு கூடியிருக்கிறது. அத்தனை அடி வாங்கியவரிடம் அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனாலும் அந்தக் கிண்டல்கார அறிவு திரும்பி வரவேண்டும் என்பது என் ஆசை.

அவர் பின்னால் வந்தவர்களுக்குக் கதவு சற்று அகலமாகத்தான் திறந்திருக்கிறது. ‘லியோ’வின் ‘நா ரெடி’யில் அசல் கோலாறு விஜய்யின் குரலுக்குப் பக்கத்திலேயே நின்று ராப் பாடினார். பால் டப்பா ‘பிரதர்’ படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் ‘மக்காமிஷி’ பாடிக் கல்லூரிகளைக் கலக்கினார். இருவருமே சென்னைப் பையன்கள், சென்னைத் தமிழை மறைக்காதவர்கள். ராப் பகுதியை எழுதியவர் பெயரைத் தனியே போடுகிற வழக்கமும் சினிமாவில் மெல்ல வந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு நேரே இசையில் எத்தனை பங்கு என்று கேட்டால் மட்டும், இன்றும் பெரும்பாலும் ஒரே தடவைச் சம்பளம்தான்.